காயில் மேல் குற்றமில்லை

எங்கள் லைன் வீட்டில் பிளக் செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர் ஒருவர்கூட இல்லை. என் ஸ்கூட்டருக்கு இரண்டே மாதத்தில் நான்கு பிளக் மாற்றப்பட்டதற்கு அதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

மத்திகிரியில் ஒரே கூரைக்குக் கீழே ஐந்து வாடகை வீடுகள். ஐந்திலும் ஓசூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் போகிறவர்கள். இடது பக்கத்து வீட்டுக்காரர் மதுரைப் பக்கம், பிஸ்டன் வார்க்கிற கம்பெனியில் இருந்தார். வலது பக்கத்து வீட்டுக்காரர் தர்மபுரிக்காரர், கார்புரேட்டர் கம்பெனி. நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். இக்னிஷன் காயில் செய்கிற இடத்தில் கடைசிப் பரிசோதனை மேஜை என்னுடையது. பிளக்கில் தீப்பொறி விழுவதற்கான கரண்டை ஏற்றி அனுப்புகிற கருப்புக் கட்டிதான் காயில், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆக ஒரு எஞ்சினின் முக்கால்வாசி உறுப்புகளுக்கு எங்கள் வாசலில் சொந்தபந்தம் இருந்தது. பிளக் மட்டும் நாதியற்றுக் கிடந்தது.

வண்டி எனக்கு முன்னால் மூன்று பேரிடம் உழைத்துவிட்டு வந்த டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர். காலையில் ஒருபக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி, இரண்டு மிதி மிதித்தால் மறுபேச்சு பேசாமல் கிளம்பும். கம்பெனி எட்டு கிலோமீட்டர்தான், அங்கே போய்வர ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கெலமங்கலம் சந்தைக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ போனால்தான் சனியன் பிடிக்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் பேசிக்கொண்டிருந்தவன் வாயைப் பொத்தியதுபோலக் கப்பென்று நிற்கும். அப்புறம் முட்டி தேய மிதித்தாலும் உயிர் வராது. அரைமணி நேரம் புளியமரத்தடியில் விட்டுவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல முதல் மிதியிலேயே கிளம்பும். இதைப் படிக்கிற யாருக்கும், வண்டியே ஓட்டத் தெரியாதவருக்கும்கூட, சூட்டுக்கும் இந்த நோய்க்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று இந்நேரம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. நாங்கள் நிபுணர்கள்.

மூன்று பேருக்கும் வார விடுமுறை ஒன்றாக அமைகிற ஞாயிறுகளில் வாசலில் ஸ்கூட்டரைச் சுற்றி மாநாடு கூடும். கம்பெனியில் ஒரு லாட் சரக்கு திரும்பி வந்தால் எப்படிக் கூட்டம் போடுவோமோ அப்படியே. அங்கே எங்களுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: 'ஏன்' என்று ஐந்து தடவை அடுத்தடுத்துக் கேட்டால் மூலகாரணம் அகப்பட்டுவிடுமாம். கம்பெனியில் அந்த ஐந்து ஏன்களை எதற்குப் பயன்படுத்துவோம் என்று உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஏனுக்கும் பழியைத் தன் டிபார்ட்மென்டிலிருந்து ஓரடி தள்ளிவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்கூட்டருக்கும் அதையே செய்தோம்.

"பிஸ்டன் மேல சந்தேகமே வேணாம்ணே. எங்க மால் ஆயுசுக்கும் பேசும்" என்பார் மதுரைக்காரர்.

"கார்புரேட்டர் கண்ணாடி மாதிரி இருக்குதுங்க. பெட்ரோல் எப்பிடி எறங்குது பாருங்க" என்பார் தர்மபுரிக்காரர்.

"காயிலப் பத்திப் பேசவே பேசாதீங்க. என் கைப்பட தெனமும் நூத்துக்கணக்குல பாக்குறேன், ஒண்ணு பழுதாகி நான் பாத்ததில்ல" என்பேன் நான். பழுதாவது வாங்கினவன் வீட்டில்தானே ஆகும், என் மேஜையிலா ஆகும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

அப்புறம் மூவரும் சேர்ந்து பிளக்கைப் பார்ப்போம். கழற்றி, கரி துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திருப்தி வராமல் புதுசு வாங்கிப் போடுவோம். ஒரு ஞாயிறு ஐந்தாவது ஏன் நேராகப் போய்ப் பெட்ரோல் பங்க்காரன் தலையில் விழுந்தது. அன்றைக்கு மூவருக்கும் பரம சந்தோஷம்.

இப்படிக் கூத்தடித்துக் கொண்டிருந்தபோதுதான் என் மனைவிக்கு அந்தக் கடிதம் வந்தது. அவள் பாலக்கோட்டுக்காரி. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஏழு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த ஏழு வருடத்தில் கல்யாணம் ஆயிற்று, ஊர் மாறிற்று, பக்கத்து நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தி விடுகிற உத்தியோகமும் கிடைத்தது. பதிவை மட்டும் ஒருமுறைகூட விட்டுவிடாமல் புதுப்பித்து வந்தாள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது. அங்கே சான்றிதழ் சரிபார்ப்பு, காலை பத்து மணிக்கு, அசல்களோடு நேரில் வரவேண்டும், வரத் தவறினால் பின்னர் உரிமை கோர முடியாது என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியை அவள் என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

"பஸ்ல போயிரலாங்க" என்றாள்.

"வீட்டுல வண்டிய வச்சுக்கிட்டு பஸ்ஸுல தொங்குறதா? ஒண்ணரை மணி நேரத்துல கொண்டுபோய் எறக்கிவிடுறேன்."

"வழியில நின்னா?"

"அதுக்குள்ள சரி பண்ணிருவேன்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. என்னை நம்பினாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

சரி, அவள் சந்தேகத்தையும் தீர்ப்போம் என்று மத்திகிரி கூட்டு ரோட்டில் இருந்த மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனேன். வீட்டில் கன்னடம், கடையில் தமிழும் தெலுங்கும் பேசுகிற மனிதர். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டு ஓடவிட்டார், ஒரு டீ குடித்தார், பேப்பர் படித்தார். எனக்கோ எரிச்சல். இருபது நிமிடம் கழித்து வண்டி கப்பென்று நின்றது. பக்கத் தகட்டைக் கழற்றி, காயிலை விரலால் தொட்டு, வெடுக்கென்று கையை உதறினார்.

"காயில் ஹோய்த்து, போயிடுச்சு சார். சூடானா சாகுது, ஆறினா பொழைக்குது. மாத்திடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தக் கட்டியின் முதுகில் எங்கள் கம்பெனி முத்திரை இருந்தது. நான் அங்கே சேர்வதற்குப் பல வருடம் முன்னால் செய்தது. ஆனாலும் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சாயிற்றே.

"நான் எங்க வேல பாக்குறேன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"தெரியும் சார். கம்பெனில வேல பாக்கறீங்க. வண்டில பாக்கலியே" என்றார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

வீடு வந்து சேர்கிறவரை அந்த மனிதருக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்புறம்தான் அந்தப் பதிலை நிரூபிக்க ஒரு வழி தோன்றியது. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. மறுநாள் காயிலைக் கழற்றி, சாப்பாட்டு டப்பாவில் வைத்து, கம்பெனிக்குள் கொண்டுபோனேன். உள்ளே கொண்டுபோவதை ஒருத்தனும் கேட்கவில்லை. வெளியே கொண்டுவரத்தான் மூன்று கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. ஏ.சி. ஓடுகிற பரிசோதனை அறையில், என் மேஜையில், என் மீட்டரில் அதை மாட்டினேன். சில்லென்று குளிர்ந்து கிடந்த காயில் ஜம்மென்று தீப்பொறி அடித்தது. இரண்டாம் தடவையும் அடித்தது. மூன்றாம் தடவை பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடைசியில் எங்கள் வழக்கப்படி, பாஸ் என்பதற்கு அடையாளமாக, ஒரு பச்சைப் புள்ளி ஸ்டிக்கரையும் எடுத்து அதன் தலையில் ஒட்டினேன். வியர்த்து ஓடி மயங்கி விழுகிறவனை, கட்டிலில் படுக்கப்போட்டு விசிறிவிட்டு நாடி பார்த்து, இவனுக்கு ஒரு நோவும் இல்லை என்று எழுதிக்கொடுத்த வைத்தியன் நான். இதற்குத்தான் மாதாமாதம் எனக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

அந்த ஞாயிறு வாசல் மாநாட்டில் பச்சைப் புள்ளியைக் காட்டினேன். மெக்கானிக்கின் கதை முடிந்தது. அதே காயிலைத் திரும்ப மாட்டி, ஐந்தாவது பிளக்கைப் போட்டோம்.

சரிபார்ப்பு நாள் காலை ஏழரைக்குக் கிளம்பினோம். அவள் அசல் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்திருந்தாள். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு டப்பா புளிச்சோறு. நெடுஞ்சாலையில் லாரிகளின் காற்றுக்கு வண்டி தள்ளாடினாலும் எஞ்சின் சத்தம் தெளிவாக இருந்தது. "பாத்தியா" என்று தலையைத் திருப்பிச் சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை, சூளகிரிக்கு முன்னால் நின்றுவிட்டது.

அப்போது மணி எட்டேகால். பிளக்கைக் கழற்றினேன், தேய்த்தேன், மாட்டினேன், மிதித்தேன். மறுபடி கழற்றினேன். அவள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. எட்டே முக்காலுக்கு வண்டி தானாக மனமிரங்கிக் கிளம்பியது. "அவ்ளோதான், இனிமே நிக்காது" என்றேன். மேலுமலை ஏற்றத்தில் பாதிகூட ஏறவில்லை, கப்.

அந்த ஏற்றத்தில்தான் எனக்கு வியர்த்தது. எஞ்சின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் கை தன்னிச்சையாகக் காயில் மேல் போயிற்று. தொடமுடியவில்லை, அப்படிக் கொதித்தது. மெக்கானிக் கையை உதறியது நினைவுக்கு வந்தது. அவள் மறுபக்கம் திரும்பி பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கைக்குட்டையை அவள் தண்ணீர் பாட்டிலில் நனைத்து, காயிலைச் சுற்றிப் போட்டு, மீதித் தண்ணீரையும் அதன் மேலேயே கவிழ்த்தேன். சுர்ரென்று ஆவி வந்தது. ஐந்து நிமிடம் பொறுத்து ஒரு மிதி. வண்டி கிளம்பிவிட்டது.

நான் சொல்ல வந்ததே இந்த இடத்துக்காகத்தான். எஞ்சின் ஓடுகிறது. பழுது எங்கே என்று எனக்கு ஐயம் திரிபறத் தெரிந்துவிட்டது. இன்னும் நாலைந்து கிலோமீட்டரில் மறுபடி சூடாகும், மறுபடி நிற்கும், கையில் தண்ணீர் கிடையாது என்பதும் தெரியும். அதே நிமிடம் அவள் கைகாட்டிய பஸ் எங்களுக்கு முன்னால் போய் நின்றது. பெட்டி படுக்கையோடு யாரோ இறங்கினார்கள். கண்டக்டர் படியில் நின்று, "கிருஷ்ணகிரி, கிருஷ்ணகிரி! வாம்மா, சீட்டு இருக்கு" என்று கூப்பிட்டார். ஒன்பதே கால். ஏறியிருந்தால் பத்துக்கு முன்னால் போய் நின்றிருப்பாள்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஏங்க, சரியாயிடுச்சா? இல்லன்னா நான் ஏறிக்கறேன்."

"பிளக்குல கரி பிடிச்சிருந்துச்சு. தொடச்சுட்டேன். ஏறு, ஏறு" என்றேன். கண்டக்டரைப் பார்த்து, போகலாம் என்று கையையும் ஆட்டினேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், ஐந்து ஏன் தேவைப்படவில்லை, முதல் ஏனிலேயே விடை வந்துவிடுகிறது. காயில் என்று சொன்னால் மெக்கானிக் ஜெயித்துவிடுவார். அவர் மத்திகிரியில் உட்கார்ந்து எவன் வண்டிக்கோ பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார், என் ஞாபகமே அவருக்கு இருந்திருக்காது. அந்த மனிதரிடம் தோற்கக்கூடாது என்று என் பெண்டாட்டியின் ஏழு வருடத்தைத் தூக்கி ரோட்டில் வைத்தேன். கேவலம்தான். வேறு வார்த்தை போட்டு மெழுக எனக்குத் தெரியவில்லை.

நான்கு கிலோமீட்டர். வயற்காட்டு நடுவில், கடை கண்ணி எதுவும் இல்லாத இடத்தில் நின்றது. மர நிழலும் இல்லாததால் வெயிலில் காயில் ஆறவும் வழியில்லை. அங்கே பஸ்காரன் நிறுத்த மாட்டான். இரண்டு பஸ் எங்கள் மேல் புழுதியைக் கொட்டிவிட்டுப் போயிற்று. நான் மறுபடி பிளக் ஸ்பேனரை எடுத்தேன். அவள் வண்டிக்கு அருகில் வந்து, ஈரக் கைக்குட்டை சுற்றியிருந்த இடத்தைக் காட்டினாள்.

"என் தண்ணிய இதுமேலதானே ஊத்துனீங்க?"

"ஆமா."

"இது பிளக்கா?"

நான் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் காயில் வேறு, பிளக் வேறு என்பதை எங்கள் ஞாயிறு மாநாடுகளுக்கு டீ போட்டுக் கொடுத்தே படித்திருந்தாள். உறையை அணைத்தபடி ரோட்டுக்கு நடுவாகப் போய் நின்று, வருகிற வண்டிக்கெல்லாம் கை நீட்டினாள். பத்தரை தாண்டித் தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்று நின்றது.

"கிருஷ்ணகிரி வெள்தாரா அண்ணா?" என்று தெலுங்கில் கேட்டாள்.

"ரண்டம்மா, எக்கண்டி" என்று ஏறச் சொன்னார் டிரைவர். கூடைகளுக்கு மேல் கிடந்த சாக்கை உதறி, முன்சீட்டில் விரித்துப் போட்டார். அவள் ஏறினாள். கதவைச் சாத்தும்போது புளிச்சோற்று டப்பாவை மட்டும் என் பக்கம் நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் வண்டியைத் தள்ளினேன். குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு டீக்கடையில் தண்ணீர் வாங்கி, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் துணி போடுவதுபோலக் காயிலுக்குப் போட்டுப் போட்டு ஓட்டினேன். இனி வேஷம் போட்டு யாருக்குக் காட்ட? கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டாகப் போகிறது. கை கால் முகமெல்லாம் கரி. அந்த அலுவலக வாசலில் ஆட்கள் குறைந்து போயிருந்தார்கள். அவள் தாழ்வாரத்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், சான்றிதழ் உறை இன்னும் மடியில்.

"ரெண்டு தடவ பேர் கூப்பிட்டுட்டாங்களாம். காரணம் எழுதிக் குடுத்தா அய்யாவைக் கேட்டுச் சொல்றேன்னாங்க. எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. கோபமாவது இருந்திருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

"என்ன எழுதுன? வண்டி ரிப்பேர்னா?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவள் பேரைக் கூப்பிட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன். மேஜைக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். அவர் கையில் என் மனைவி எழுதிய தாள். அதை இன்னொரு தரம் படித்துவிட்டு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"வீட்டுக்காரரா?"

"ஆமாங்க மேடம்."

"இருவது வருசமா இந்த வேலையில இருக்கேன். லேட்டா வர்றவங்க மழை பேஞ்சுதும்பாங்க, பஸ் வரலம்பாங்க, சொந்தக்காரங்களச் சாவடிப்பாங்க. ஒருத்தரும் இப்பிடி எழுதினதில்ல. அய்யா படிச்சுட்டு, உண்மையத்தான் எழுதியிருக்கு, வாங்கிக்குங்கன்னுட்டார். நேர்ல வந்துட்டீங்கல்ல? கீழ 'மேற்கண்டது உண்மை'ன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க சார். கோப்புல இருக்கட்டும்."

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற உருண்டை எழுத்து:

'ஐயா, வழியில் பேருந்து எனக்காக நின்றது. வண்டி சரியாகிவிட்டது என்று என் கணவர் சொன்னார். அவர் சொன்னதை நம்பினேன். அதனால் தாமதம் ஆகிவிட்டது. இனி இவ்வாறு நேராது என்று உறுதி கூறுகிறேன்.'

அந்த அம்மா பேனாவை நீட்டியபடி இருந்தார். என் மனைவி உறையிலிருந்து அசல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. கரிக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மேற்கண்டது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.